அந்த அறிக்கையை எங்களோடு சேர்ந்து படியுங்கள்: முதுகு வலிக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இடுப்பு வலி, முதுகு வலி என்று வருபவர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும், ஸ்கேன் அறிக்கை எழுதும் கதிரியக்க நிபுணர்களுக்கும், பிசியோதெரபி அளிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு 41 வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பெரிய பாரம் எதையும் தூக்கவில்லை, எங்கும் விழவும் இல்லை. காலையில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தேன், அப்புறம் நிமிர முடியவில்லை. வாஷ்பேசினைப் பிடித்தபடி பத்து நிமிடம் அப்படியே நின்றேன். சுவரைத் தடவித் தடவிக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று நாள் கழித்து ஓரளவு நடக்க முடிந்ததும் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், எடுத்தேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்குகளில் கடைசி இரண்டில் தேய்மானம், லேசான பிதுக்கம், நரம்புறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அறிக்கையில் இருந்தது. அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்க முதுகு எழுபது வயசுக்காரர் முதுகு மாதிரி ஆயிடுச்சு. இனிமே குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, பெல்ட் இல்லாம வெளிய போகாதீங்க" என்றார். மூன்று வாரம் படுத்தே இருக்கவும் சொன்னார்.

வலி ஆறு வாரத்தில் போய்விட்டது. அந்த வாக்கியம் போக இரண்டு வருடம் ஆனது.

அந்த இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். என்னைப் பார்த்த மருத்துவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் சொல்லவில்லை, எச்சரிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த நான் வேறு ஆளாக இருந்தேன். கீழே விழுந்த பேனாவை எடுக்க மண்டியிட்டேன். நான்கு வயது மகள் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தால் உட்கார்ந்து கட்டிக்கொள்வேன், தூக்க மாட்டேன். ஒருநாள் அவளே என் அம்மாவிடம், "அப்பா முதுகு உடைஞ்சிடும் பாட்டி, தூக்கச் சொல்லாதீங்க" என்றாள். பெல்ட்டைக் கழற்றினால் பயம், தும்மல் வந்தால் பயம். இப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததில் முதுகுத் தசைகள் வலுவிழந்தன. வலுவிழந்ததால் சின்ன வேலைக்கே பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் 'எழுபது வயது முதுகு' என்பது காதில் ஒலித்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். நான் படித்தது எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. புதிதல்ல என்பதால்தான் ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்கிறேன்.

முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்குகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015இல் இதுபோன்ற 33 ஆய்வுகளைச் சேர்த்து, வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்கில் தேய்மானம் தெரிந்தது. 40 வயதில் 68 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். பிதுக்கம் 40 வயதினரில் சரிபாதிப் பேருக்கு இருந்தது. அப்படியானால் என்னுடைய 41 வயது முதுகு, 41 வயது முதுகாகத்தான் இருந்திருக்கிறது.

நரை, திரை, மூப்பு என்று நம் மொழியில் ஒரு வரிசை உண்டு. நரையும் திரையும் கண்ணாடியில் தெரிவதால் அவற்றை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. அதே மூப்பு முதுகெலும்புக்குள் நடப்பது படத்தில் தெரிந்தால் மட்டும் அதற்கு ஒரு வியாதியின் பெயர் வந்துவிடுகிறது.

நீங்கள் புழங்கும் சொற்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 'தேய்மானம்' என்றால் எங்கள் மனதில் வருவது டயர், செருப்பு, இயந்திரத்தின் பற்சக்கரம். ஓட ஓடத் தேயும், தேய்ந்தது திரும்ப வராது, ஆகவே ஓட்டாமல் நிறுத்திவைப்பதே நல்லது. இந்தச் சொல்லைக் கேட்ட யாரும் இப்படித்தான் யோசிப்பார்கள். உயிருள்ள உடம்பு அப்படி வேலை செய்வதில்லையே! வளர்ந்தவர்களின் டிஸ்கின் உட்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து சுற்றிலுமிருந்து கசிந்துதான் போய்ச் சேர வேண்டும். அளவோடு வேலை கொடுத்தால் எலும்பும் தசையும் வலுக்கின்றன, சும்மா வைத்தால் நலிகின்றன. டயரிடம் இது நடக்காது.

'ஜவ்வு விலகிடுச்சு' என்பது இன்னும் மோசம். விலகியது என்றால் யாராவது தள்ளி உள்ளே வைக்க வேண்டும், அதுவரை அசையக் கூடாது என்று அர்த்தம் ஆகிறது. டிஸ்க் மேலும் கீழும் உள்ள எலும்போடு இறுகப் பிணைந்தது, சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி வெளியே வருவதற்கு வழியில்லை. வெளிவளையம் பலவீனமான இடத்தில் பிதுங்கலாம். சில நேரம் உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி வெளியே வந்து நரம்பை உறுத்தலாம். அப்போதுதான் வலி பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்குகிறது. சியாட்டிகா என்கிறோம். அந்த வலி கொடுமையானதுதான். ஆனால் வெளியே வந்த அந்தப் பகுதியைப் பெரும்பாலானவர்களுக்கு உடம்பே மெல்ல மெல்லக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. முழுதாகப் பிரிந்து வெளியே வந்த துண்டுகள்தான் அதிகம் சுருங்குகின்றன என்றும் படித்தேன். படத்தில் பயங்கரமாகத் தெரிவது பல நேரம் தானாகக் கரைகிறது! இதை ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் தூங்கியிருப்பேன்.

படுக்கையில் கிடக்கச் சொல்வதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. 1986இலேயே, 2 நாள் படுத்திருந்தவர்கள் 7 நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டவர்களைவிடக் குறைவான வேலைநாட்களையே இழந்தார்கள் என்று தெரிந்துவிட்டது. 1995இல் பின்லாந்தில், படுக்கை ஓய்வு ஒரு பிரிவுக்கு, முதுகுப் பயிற்சி இன்னொரு பிரிவுக்கு, முடிந்தவரை வழக்கமான வேலை மூன்றாவது பிரிவுக்கு என்று பிரித்துப் பார்த்ததில், வழக்கமான வேலையைச் செய்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு மூன்று வாரம் படுக்கை. கெட்டியான படுக்கையில்தான் படுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள், முதுகே மரத்துப்போகும் அளவுக்குப் படுத்தேன். 2003இல் ஸ்பெயினில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 313 பேரை வைத்துப் பார்த்தபோது, கெட்டிப் படுக்கையைவிட நடுத்தரக் கெட்டியான படுக்கையில் தூங்கியவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது.

என்னைத் திருப்பியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். இரண்டாவது முறை மோசமாகப் பிடித்துக்கொண்டபோது அவரிடம் போனேன். கோப்பைத் திறக்கும் முன்பே, "எதைச் செய்ய பயப்படுறீங்க?" என்று கேட்டார். வலி எங்கே என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். மகளைத் தூக்க முடியவில்லை என்றேன், குரல் உடைந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அறிக்கையை மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியையும் என்னோடு சேர்ந்து படித்தார். "இது உங்க வயசுல பாதிப் பேருக்கு இருக்கும். இது வலி இல்லாதவங்களுக்கும் இருக்கும். இது மட்டும் அப்பப்போ நரம்பை உறுத்தலாம், அதுவும் குறையும்." மொத்தமே நான்கு நிமிடம் இருக்கும்.

அப்புறம் சொன்னவையும் எளிமையானவை. பிடித்துக்கொண்ட முதல் சில நாட்களில் மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள், ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வையுங்கள். எழும்போது நேராக நிமிராமல் பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே இறக்கிவிட்டுக் கையால் உந்தி எழுங்கள். சூடு தாங்குமளவுக்கு ஒத்தடம் கொடுங்கள். ஒரே நிலையில் வெகுநேரம் இருக்காதீர்கள், உட்காருவது தப்பில்லை, உட்கார்ந்தே இருப்பதுதான் தொல்லை. வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், ஐந்து நிமிடமாக நடங்கள். காலை எழுந்ததும் முதுகு விறைப்பாக இருப்பதற்கும் காரணம் சொன்னார். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, அதனால்தான் காலையில் நாம் இரவைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கிறோம். அந்த நேரத்தில் குனிந்தால் இறுக்கமாகத் தெரியும், கொஞ்சம் நடமாடினால் தளரும். வாஷ்பேசின் முன்னால் நடந்தது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலிப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். வியர்த்துவிட்டது. தூக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் அதில் இரண்டு கிலோ, பிறகு ஐந்து. நான்காவது மாதம் பெட்டியில் 18 கிலோ. மகளின் எடை 17.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. திடீரென்று வரும் இடுப்பு வலியில் பாராசிட்டமால் போட்டவர்கள், வெற்று மாத்திரை போட்டவர்களைவிடச் சீக்கிரம் தேறவில்லை என்று 2014இல் ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. அபின் வகையைச் சேர்ந்த வலுவான வலி மருந்தான ஓபியாய்டுக்கும் 2023இல் அதே கதைதான். வீக்கம் குறைக்கும் வலி மாத்திரைகள் கொஞ்சம் உதவுகின்றன. ஆனால் வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதைவிட நடை எனக்கு அதிகம் உதவியது. 2024இல் வெளியான ஆய்வொன்றில், முதுகு வலியிலிருந்து தேறிய 701 பேரில் ஒரு பிரிவினருக்கு, வாரத்துக்கு ஐந்து முறை 30 நிமிட நடை என்ற இலக்கை நோக்கி வழிகாட்டினார்கள். வலி திரும்ப வருவதற்கு மற்றவர்களுக்கு 112 நாட்கள் ஆனது என்றால், நடந்தவர்களுக்கு 208 நாட்கள் ஆனது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்தாதீர்கள் என்று நான் கேட்பதை, 'உங்களுக்கு ஒண்ணுமில்லை' என்று சொல்லி அனுப்புங்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலியில் துடிப்பவரிடம் ஒண்ணுமில்லை என்றால், பொய் சொல்கிறாய் என்றுதான் அவருக்குக் கேட்கும். வலி உண்மை. பட்ட காலிலே படும் என்பார்கள். பட்ட இடம் கூர்மையாகிவிடுவதால் சாதாரணமாக உரசுவதும் அங்கே அடியாகத் தெரிகிறது என்பதை அந்தப் பழமொழி சரியாகப் பிடித்திருக்கிறது. முதுகும் அப்படித்தான். தூக்கமில்லாத ஒரு வாரம், வேலை போய்விடுமோ என்ற கவலை, அசைந்தால் உடைந்துவிடும் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து அந்தக் கூர்மையைக் கூட்டுகின்றன. இதைச் சொல்லிப் புரியவைப்பதும் வைத்தியம்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு அறுவை இல்லாத சிகிச்சை பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. விளக்கிச் சொல்லிக் கற்பிப்பதும் உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் அதன் பரிந்துரைகளில் இருக்கின்றன. இடுப்பு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாதவை என்ற பக்கத்தில் இருக்கின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு, அதில் நீங்கள் கேள்வி கேட்பதை எந்த அவசரத்திலும் விட்டுவிடக் கூடாது. இரண்டு தொடைக்கும் நடுவில், பிறப்புறுப்பைச் சுற்றி, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறதா, சிறுநீர் போக முடியவில்லையா, தெரியாமலே போகிறதா, மலம் அடக்க முடியவில்லையா, கால்கள் பலமிழந்து வருகின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாத அவசரம். உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். ஆனால் இதை யாரும் தானாக வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கூச்சப்படுவார்கள், முதுகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் நினைப்பார்கள். நீங்கள்தான் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்தது, நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தது ஆகியவையும் அப்படிக் கேட்க வேண்டியவைதான்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் 24 வயதிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் விறைப்போடு எழுந்தார். நடந்தால் சரியாகும், படுத்தால் கூடும், விடியற்காலையில் வலியே எழுப்பிவிடும். உட்காரும் விதம் சரியில்லை என்றே ஆறு வருடம் சொன்னார்கள். கடைசியில் அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோய் என்று தெரிந்தது, அதற்குத் தனி மருந்து இருக்கிறது. 'ஓய்வெடுத்தா குறையுதா, நடந்தா குறையுதா?' என்ற ஒரு கேள்வியை முதலாம் ஆண்டே கேட்டிருந்தால் அந்த ஆறு வருடங்கள் அவருக்கு மிஞ்சியிருக்கும்.

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவன், வரிசையின் நீளம் பார்த்திருக்கிறேன். 2020 கணக்குப்படி உலகத்தில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு வாழ்ந்தார்கள். அத்தனை பேருக்கும் அரை மணி நேரம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

கதிரியக்க நிபுணர்களே, அறிக்கையின் கீழே ஒரு வரி சேருங்கள்: இந்த மாற்றம் இதே வயதில் வலியில்லாதவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அறிக்கைகளில் இதைச் செய்து பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தச் சிகிச்சைகள் குறையவில்லை, ஓபியாய்டு மருந்துச் சீட்டுகள் மட்டும் சற்றே குறைந்தன. எழுதினால் மட்டும் போதாது என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வரியை ஒருவர் முகம் பார்த்துப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் மருத்துவர்களே, அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பும் முன் இதைச் சொல்லுங்கள்: "ஆபத்தான அறிகுறி எதுவும் உங்களுக்கு இல்லைன்னு பார்த்துட்டேன். படத்துல இருக்கிற மாற்றம் உங்க வயசுல சகஜம். வலி நிஜம்தான், ஆனா அசைஞ்சா முதுகு கெட்டுப்போகாது. கொஞ்சம் கொஞ்சமா வேலைக்குத் திரும்புங்க, ஆறு வாரத்துல குறையலைன்னா வாங்க." முப்பது நொடிகூட ஆகாது. அப்புறம், எல்லோருக்கும் முதல் நாளே படம் எடுக்கவும் தேவையில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிசியோதெரபி அளிப்பவர்களே, வருபவர்களை இயந்திரத்தில் படுக்க வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள்.

இது கனவு அல்ல. 1997இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியே ஊர் முழுக்க ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: முதுகு வலி வந்தால் முடங்கிவிடாதீர்கள், நடமாடுங்கள், வேலையைத் தொடருங்கள். மக்களின் நம்பிக்கை மாறியது, பொதுநல மருத்துவர்களின் எண்ணமும் மாறியது, முதுகு வலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன.

அன்புடன்,
41 வயதில் எழுபது வயது முதுகு என்று சொல்லப்பட்டு, 45 வயதில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒருவன்

பின்குறிப்பு: உங்கள் காத்திருப்பு அறையில் நாற்காலிகளுக்கு நடுவே கொஞ்சம் நடக்க இடம் விடுங்கள். சுவரோரம் கை ஊன்றி நிற்க இடுப்பு உயரத்தில் ஒரு பலகை இருந்தாலும் போதும். இடுப்பு வலியோடு வருபவருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து காத்திருப்பதுதான் அன்றைய நாளின் மிகக் கடினமான வேலை. எழுந்து நின்றால், "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்ல வேண்டாம் என்று முன்னால் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.